வெல்லம் தடவிய கடிவாளம்

கழுத்தை வில்லாக வளைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும் குதிரையைக் கண்டால் எங்கள் ஊரில் எல்லோரும் செல்போனை எடுத்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அது அழகு இல்லை, ஒளிந்துகொள்வது. வாயில் கிடக்கும் இரும்பு எப்போது குத்துமோ என்று பயந்த குதிரை, கடிவாள வாரை இழுக்கிற கைக்கு எட்டாமல் தலையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறது. இதைச் சொன்னால் குதிரைக்கு ஜோசியம் பார்க்கிறாள் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

கிண்டலில் முதல் ஆள் என் அண்ணன். மொரப்பூர்ப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். நான் பெங்களூரில் ஒரு பண்ணையில் சில வருஷம் டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் பயிற்சி பழகிவிட்டு வந்து, அதியமான்கோட்டை தாண்டி ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தருகிறேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பிராணியை வைத்துப் பிழைக்கிறவர்கள், ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

ஒரு பங்குனியில் அவருடைய வெள்ளைக் குதிரை ஊர்வலத்தின் நடுவே முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து மாப்பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டது. குதிரை தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்கிற கதையாக, பேசி வைத்திருந்த மற்ற ஊர்வலக்காரர்களும் அந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்து கட்டினார்.

"ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் வெச்சுக்க பாப்பா. அதுக்குள்ள உங்க ஸ்கூல்ல எடுத்துக்கிட்டாங்கன்னா சந்தோஷம். இல்லன்னா நான் ஓட்டிக்கிட்டுப் போயிருவன். அதுக்குள்ள ஜனங்க மறந்துருவாங்க."

பள்ளியில் இரண்டு கிழட்டுக் குதிரைகள்தான் இருந்தன. தாளாளர் வந்து வெள்ளையின் கழுத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். "இதுதாங்க மேடம் குதிர! புள்ளைங்க பயமில்லாம ஏறுற மாதிரி பழக்கிட்டீங்கன்னா எடுத்துக்கலாம்" என்றார். அன்று ராத்திரியே அதற்குப் பேர் வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் அதன் வாயைத் திறந்து பார்த்தேன். அண்ணன் போட்டிருந்தது முள்ளுக் கடிவாளம். உள்பக்கம் ஆணி ஆணியாக இருக்கும். நாக்கில் பழைய தழும்புகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. போனில் அண்ணனைக் கண்டபடி திட்டினேன். "மேளம், பட்டாசு, அத்தன ஜனத்துக்கு நடுவுல வேற எப்படி நிறுத்தறது, நீயே சொல்லு" என்றார். கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

டிரெஸ்ஸாஜில் காண்டாக்ட் என்று ஒன்று சொல்வோம். குதிரை பின்னங்கால்களால் தள்ளி நடந்து, முதுகை உயர்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி, வாரின் மறுமுனையில் இருக்கும் கையைத் தானாகத் தேடி வரவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் விரலைப் பிடித்து ரோடு கடக்கும்போது நமக்கும் அதற்கும் நடுவே ஒரு பிடி இருக்குமே, அதுதான். இழுத்து வரவழைக்க முடியாது. கை அசையாமல் காத்திருக்க, குதிரைதான் வரவேண்டும்.

வெள்ளை வரவில்லை. வழுவழுப்பான சாதாரணக் கடிவாளம் வாங்கினேன். அதைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கிவிடும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து இரும்பில் தடவித் தடவி நீட்டினேன். சித்திரை முழுக்க அதற்கே போனது. கடைசியில் கடிவாளத்தைப் பார்த்தாலே தானாக வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் ஏறி உட்கார்ந்து வாரை எடுத்ததும் தாடை நெஞ்சுக்குப் போய்விடும். வார் தொளதொளவென்று தொங்கும். தண்ணீர் எட்டாத கிணற்றில் வாளி விட்டதுபோல என் கையில் ஒன்றுமே இருக்காது.

வைகாசி போனது, ஆனியும் போனது. தீர்த்தமலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன், சாமிக்கு டிரெஸ்ஸாஜ் தெரியுமா என்று யோசிக்காமல். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இது நடக்காது என்று தோன்றிய நாட்களில் தீவனக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதிருக்கிறேன். காலண்டரில் ஆவணியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு காலையில் அது நடந்தது. மைதானத்தை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். வெள்ளை மூச்சை நீளமாக விட்டது. பிறகு கழுத்து மெல்ல மெல்ல முன்னால் நீண்டது. வார் இறுகியது. இரண்டு கைகளிலும் ஒரு மெல்லிய கனம் வந்து உட்கார்ந்தது. கடிவாளத்தை மென்றுகொண்டே அது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நான் குதிரைமேல் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன், காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

ஆடி முடியும் முன்பே தாளாளரைக் கூப்பிட்டேன். வெள்ளை அன்று ஒரு குறையும் வைக்கவில்லை. நடை, ஓட்டம், திருப்பம் எல்லாவற்றிலும் கழுத்து நீண்டு, நிம்மதியாக மென்றதில் வாயோரம் நுரை கட்டி, என் கையை விடாமல் வந்தது. இறங்கித் தாளாளர் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்க மேடம், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குது? ஒடம்பு சரியில்லீங்களா?"

விளக்கினேன். முள், பயம், நம்பிக்கை என்று மூச்சு முட்டச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தாங்க இருக்கும். ஆனா ஆண்டு விழாவுல பேரண்ட்ஸ் முன்னாடி நிக்கணுமில்லீங்களா. மொதல்ல கழுத்த வளைச்சுக்கிட்டு ராஜா மாதிரி நின்னுச்சே, அப்படி ஒருக்கா காட்டுங்க. எடுத்துக்கலாம்."

திரும்ப ஏறினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வளைந்துவிட்டால் போதும், குதிரை எனக்கு. வாரைக் குட்டையாகப் பிடித்து இழுத்தேன். வெள்ளை வளையவில்லை. என் கையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டது. மறுபடி இழுத்தேன். காதை என் பக்கம் திருப்பி என்ன வேண்டும் என்று கேட்பதுபோல நடந்தது. என் கைக்கு அது பயப்படுவதை நிறுத்தியிருந்தது. இனி வலிக்கும்படி வெடுக்கென்று இழுத்தால்தான் வளையும். அப்படி இழுக்க என் கைக்குத் தெரியும். முடியவில்லை, செய்ய முடியவில்லை.

"இல்லீங்க சார். இது இனிமே வளையாது" என்றேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அண்ணன் மினி லாரியோடு வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அந்த முள்ளை மட்டும் வேண்டாம், நான் வாங்கியதையே போட்டுக் கூட்டிப்போங்கள் என்றேன். அண்ணன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"நாளைக்கு இதும்மேல ஒக்காரப்போறது யாரோ பெத்த புள்ள பாப்பா. மறுபடி விழுந்தா நான் என்னா சொல்லுவன்? இது இல்லாம என்னால நிறுத்த முடியாது, எனக்கு ஒன்ன மாதிரி தெரியாது."

பையிலிருந்து முள்ளுக் கடிவாளத்தை எடுத்தார். முன்பெல்லாம் அதைப் போட இரண்டு ஆள் காதைப் பிடிக்கவேண்டும். மூக்குக்கு நேரே நீட்டினார். வெள்ளை அதை ஒரு முறை முகர்ந்தது. பிறகு, நான் பழக்கியபடியே, தானாக வாயைத் திறந்தது.

"பரவால்ல பாப்பா," என்றார் அண்ணன், "நல்லாத்தான் பழக்கியிருக்க." வாரை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார். வெள்ளை கழுத்தை நீட்டி அவர் கையைத் தேடிக்கொண்டு பின்னால் போனது.