பெஞ்சின் இடது ஓரம்

பியானோ பெஞ்சின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார் எங்கள் மாடி வீட்டுக்காரர். வலது பக்கத்தில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். அங்கே ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க விடமாட்டார். இடக்கையை நீட்டி டிஜிட்டல் பியானோவின் பொத்தானை அழுத்துவார். டிஸ்க் போட்ட இடத்தில் கரகரவென்று சத்தம் வரும். பிறகு யாரும் தொடாமலே மேல்கட்டைகளின் குரலில் ஒரு மெட்டு கிளம்பும். இவர் தலையை ஆட்டிவிட்டு, கீழ்க்கட்டைகளில் இடக்கையால் சேர்ந்துகொள்வார்.

"நம்மாளுக்கு இன்னிக்கு என்னமோ அவசரம், தம்பி" என்பார். டிஸ்கில் இருப்பது என்றைக்கும் அதே வாசிப்புதான், அதற்கு அவசரம் வர வழியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குக் கேக்கலன்னா நான் என்ன பண்றது?" என்றுவிட்டார்.

எங்கள் மாடி வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். ஐம்பதைத் தாண்டிவிட்டார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் திருப்பித் தரும்வரை நாம் பேசிக்கொண்டிருப்பது அவரிடமா சுவரிடமா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும்.

பியானோ பழைய சாமான் கடையில் வாங்கியது. வீட்டில் இறக்கிய அன்று பார்த்தால், உள்ளே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க். பியானோவைக் கடைக்கு விற்றவர் எடுக்க மறந்திருக்கிறார். அதில் இருந்தது ஒரே ஒரு பாட்டு, அதுவும் வலக்கை மட்டும். இடக்கைக்கான டிராக், அதாவது அதைப் பதியும் இடம், காலி. "யாரோ பாதியை வாசிச்சு வெச்சுட்டு எழுந்து போயிருக்காங்க. மீதிக்கு ஆள் வேணாமா?" என்று இவராகப் போய் உட்கார்ந்துகொண்டார். இசைக்குறிப்பெல்லாம் படிக்கத் தெரியாது. எந்தக் கட்டை ஒத்துவருகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பிடித்தார். கீழ்வீட்டில் இருக்கும் என்னைக் கேட்டால் தெரியும், அந்த நாட்களில் அது காதுக்கு என்ன பாடு என்று.

அந்த டிஸ்க் சத்தத்தைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. சத்தம் போடுவது இவர் வீட்டுப் பியானோதான். இது தெரிந்த நாளிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. "அப்போ விரல்தானே தம்பி உள்ள இருக்கு?" என்று கேட்டார். ஒரு இடத்தில் கட்டைகள் படீரென்று விழும். "இங்க நம்மாளுக்குக் கோபம்." அடுத்து மெதுவாக இறங்கும். "இங்க சமாதானம் ஆயாச்சு."

வாரம் தவறாமல் போனில் வரும் அவருடைய அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏண்டா, யாரோ விட்டுட்டுப் போன கையோட குடித்தனம் பண்றியா?" என்று அவர் கத்துவது எனக்கே கேட்கும். இவர் சிரிப்பார். இல்லை என்று சொல்லமாட்டார்.

டிஸ்கின் கரகரப்பு அதிகமானபோது பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். காப்பி எடுத்து வைக்க, என் கம்ப்யூட்டரையும் அதைப் பியானோவோடு இணைக்கும் ஒரு மிடி கேபிளையும் தூக்கிக்கொண்டு போனேன். பியானோவில் பாட்டு ஓடியது, ஆனால் கம்ப்யூட்டரில் ஒன்றும் பதியவில்லை. அவர் டிஸ்க் போட்ட இடத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்தால், வெளியே அனுப்பும் துளையில் சொருக வேண்டிய முனையை நான் உள்ளே வாங்கும் துளையில் சொருகியிருக்கிறேன். மாற்றிச் சொருகியதும் எல்லாம் வந்து சேர்ந்தது. அன்று என் கண்ணாடி இரண்டு தடவை துடைக்கப்பட்டது.

போன வாரம் நான் மாடியில் இருந்தபோது பழைய சாமான் கடைக்காரர் போன் செய்தார். பியானோவை விற்றவர் அந்த டிஸ்கைக் கேட்கிறாராம், சனிக்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கொள்வாராம். ஆணா பெண்ணா, என்ன வயது என்று இவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். எனக்குத்தான் மண்டை வெடித்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆளு நல்லா இருக்காங்களா?"

போனை வைத்தபின் டிஸ்கை வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் காப்பி எடுத்து வெச்சிருக்கோமே சார், குடுத்துட்டு வாங்க. நமக்கு என்ன குறையப்போகுது?" என்றேன்.

"நமக்குக் குறையாது. நம்மகிட்ட அவங்க இருக்காங்க. அங்க நான் இல்லையே, தம்பி."

ஒரு மனிதர் இத்தனை காலம் ஒருவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அந்த ஒருவருக்கு இப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலி டிராக்கில் தன் இடக்கையைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். நாள் தவறாமல் வாசித்த கை, சிவப்பு விளக்கு எரிந்ததும் மரக்கட்டையாகிவிட்டது. அழித்தார், மறுபடி வாசித்தார், மறுபடி அழித்தார். ஒருவழியாகச் சரியாக வந்ததும், அதே டிஸ்கில் சேமிக்கட்டுமா என்று பியானோ கேட்டது. "அவங்க வெச்சதுமேல கை வெக்கக் கூடாது" என்று, இரண்டு கையும் சேர்ந்த வாசிப்பைத் தனியாக இரண்டாவது பாட்டாகப் போட்டார்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கடைக்காரர் டிஸ்கை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "இப்ப வந்துருவாங்க. உக்காருங்களேன், பாத்துட்டுப் போலாம்."

"இல்லங்க, வேலை கெடக்கு. ரெண்டாவது பாட்டு ஒண்ணு இருக்கு, அதையும் கேக்கச் சொல்லுங்க." கடைக்காரர் சரி என்று தலையாட்டிய பிறகும், "மறந்துறாதீங்க" என்றார்.

எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்கள் பேருந்து வந்தது, கூட்டமே இல்லை. நான் படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் நடைபாதையைவிட்டு நகரவில்லை. கடை வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓட்டுநரை நோக்கிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.