அன்னப் படகின் பின் சீட்டு

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும், தங்கைக்கு ஆறு. தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, விருதுநகர்ப் பக்கம் ஒரு பூங்காவில், படகு விடுகிற குளத்தில் நடந்த விஷயம் இது. என் கல்யாண நாள்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக ஞாபகத்தில் இல்லை.

எங்களுக்கு ஊர் விஸ்வநத்தம். அம்மா பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை பார்த்தாள். அப்பாவுக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. தீபாவளி முடிந்தால் அம்மாவுக்கு லீவு, அப்பாவுக்குக் காலண்டர் சீசன். அந்த லீவில் கம்பெனிக்காரர்கள் வேன் பிடித்து வேலையாட்களைக் குடும்பத்தோடு டூர் கூட்டிப்போவார்கள். அப்பா வரமாட்டார், நாங்கள் மூவரும்தான் போவோம். காலையில் ஒரு கோயில், மத்தியானம் கட்டிக்கொண்டு போன புளியோதரை, சாயங்காலம் இந்தப் பூங்கா. டூர் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். அதற்கே ராத்திரியெல்லாம் தூக்கம் வராது.

அந்தக் குளத்தில் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் போனால் படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள், குளத்துக்குள் ஆடு மேயும். நாங்கள் போகிற ஐப்பசியில் மட்டும் பச்சை நிறத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். அதன் மேல் அன்னம் மாதிரி கழுத்து வைத்த வெள்ளைப் படகுகள். காலால் மிதித்து ஓட்டுகிற பெடல் போட். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கலாம். கருவேல முள்ளைத் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திராத எங்களுக்கு, தண்ணீரில் ஒரு பொருள் மிதப்பதே அதிசயம்.

அந்த அன்னப் படகில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். அதற்குக் குறுக்கே நின்றவள் என் தங்கை.

பொறாமை என்று சொன்னால் சின்ன வார்த்தை. எனக்கு அவளைப் பார்த்தாலே வயிறு எரியும். அவளுக்குச் சுருட்டை முடி, கன்னத்தில் குழி. வேனில் ஏறினால் அம்மா மடி அவளுக்கு, ஜன்னல் கம்பி எனக்கு. அம்மா வேலை முடிந்து வந்து எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும் உடம்பில் லேசாக வெடிமருந்து வாடை இருக்கும். அந்த வாடையோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிற உரிமையும் அவளுக்குத்தான். நான் குடம் தூக்குவேன், வாசல் தெளிப்பேன், கடைக்கு ஓடுவேன். இத்தனைக்கும் எனக்குக் கிடைக்கிற பட்டம், "நீ பெரியவ, விட்டுக் குடு." அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், முதலில் பிறந்தது நான் செய்த குற்றமா என்று கேட்கத் தோன்றும்.

முந்தைய வருஷங்களிலும் படகுக்குப் பக்கத்தில் வரை வந்திருக்கிறேன். "சின்னவ முதல்ல ஒரு சுத்து வரட்டும், அடுத்து நீ" என்பாள் அம்மா. அவர்கள் ஒரு சுற்று வந்து இறங்குவதற்குள் வேன் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். தங்கை இறங்கி வந்து, தண்ணீர் எப்படி இருந்தது, மீன் எப்படித் துள்ளியது என்று வேன் முழுக்கக் கதை சொல்லுவாள். அந்தக் குளத்தில் மீனே கிடையாது என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

இந்த இடத்தில் அம்மாவின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, சரம் பின்னுவது எப்படி என்பதை அல்ல, ஓடுவது எப்படி என்பதை. எங்கே சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட வேண்டும். கிட்டத்தில் இருக்கிற வாசல் வழியாக வெளியே ஓட வேண்டும். என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்து ரூமில் ஏதோ பற்றிக்கொண்டது என்று அம்மா ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா கேட்டதற்கு, "போட்டுட்டு ஓடியாந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆனா ஆவன்னாவுக்கு முன்னாலேயே தெரியும்.

அந்த வருஷம் நான் விடுவதாக இல்லை. வேன் நின்றதும் முதல் ஆளாக ஓடிப்போய் படகுத் துறையில் நின்றுகொண்டேன். தங்கையும் ஓடிவந்தாள். நான் முன்னால், நான் முன்னால் என்று இரண்டு பேரும் கத்தினோம். கூட வந்த பெண்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவுக்கு மானம் போயிற்று. படகுக்காரர்தான், பின்னால் ஒரு பலகை இருக்கிறது, மூன்று பேருமே போங்கள் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போய்விட்டது.

"சின்னவ முன்னாடி உக்காரட்டும். நீ பெரியவ, பின்னாடி உக்காரு" என்றாள் அம்மா.

என் தங்கைக்குப் பெடல் எட்டவே எட்டாது! இரண்டு காலும் அந்தரத்தில் தொங்க, அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒருத்தியே மிதிக்கிறாள். பின்னால் ஈரப் பலகையில் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் கொண்டையும் தங்கையின் ரிப்பனும்தான். படகு நடுக்குளம் போனதும் அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சும்மா சிரித்தாளோ என்னவோ, எனக்கு அது பழிப்புக் காட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து நின்று அவள் ரிப்பனைப் பிடித்து இழுத்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அம்மா திரும்பினாள். என் வலது மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "ஆடுனே, மூணு பேரும் தண்ணிக்குள்ளதான். பேசாம உக்காரு" என்றாள். பிடித்த கையை விடவே இல்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி என்னைப் பிடித்தபடியே மிதித்தாள். தங்கைக்கு முன் சீட்டு, எனக்குத் திருடனைப் பிடிக்கிற பிடி. அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் கரையிலிருந்து அந்தச் சத்தம். யாரோ பையன்கள் தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு வெடி ஒன்றைப் புதருக்குள் வைத்திருக்கிறார்கள். டமார் என்று குளமே அதிர்ந்தது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். படகு துள்ளியது. என் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஒரு இழுப்பு. வாய், மூக்கு எல்லாம் தண்ணீர். கண்ணைத் திறந்தால் பச்சையாக ஏதோ தெரிகிறது. காலுக்குக் கீழே சேறு. அம்மா படகிலிருந்து குளத்துக்குள் குதித்திருந்தாள், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அவளுக்கு நெஞ்சளவுத் தண்ணீர்தான், எனக்குக் கழுத்துக்கு மேல். அந்தத் தண்ணீருக்குள் அவள் ஓடினாள். நான் முங்கி முங்கி எழுந்தேன். "அம்மா, அம்மா" என்று கத்தியது அவள் காதில் விழவே இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கரை ஏறியும் நிற்காமல், பூங்கா வாசலைத் தாண்டி ரோட்டோர வேப்பமரம் வரைக்கும் ஓடித்தான் நின்றாள்.

மரத்தடியில் எங்கள் வேனில் வந்த பெண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்! முறுக்குப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, செருப்பைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கரையில் பிள்ளைகள் மட்டும் விழித்துக்கொண்டு நின்றன. ஐஸ்காரர் சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ மதினி, எவனோ வெடி போட்டிருக்கான். நம்ம கம்பெனியிலயா இருக்கோம்? பூங்காவுலல்ல இருக்கோம்" என்று ஒருத்தி சொல்ல, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அக்கா கேவிக் கேவி அழுதாள். அவள் கைப்பிள்ளையைக் கரையில் பாயில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அக்கம் பக்கம் பார்த்தாள். "சின்னவ எங்க?" என்றாள்.

எனக்கு இருமல் நிற்கவில்லை, தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஆபத்து என்று வந்ததும் அம்மா என்னைத்தான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். என்னை! "போட்ல இருக்கா" என்று நிமிர்ந்து சொன்னேன்.

அம்மா என் கையை உதறிவிட்டுக் குளத்தைப் பார்த்து ஓடினாள். என் சந்தோஷம் அவ்வளவு நேரம்தான்.

படகுக்காரர் அதற்குள் இன்னொரு படகில் போய் தங்கையைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார். "ஏம்மா, இம்புட்டூண்டு பிள்ளைய நடுத்தண்ணியில விட்டுட்டு எங்கம்மா ஓடுறீக?" என்று சத்தம் போட்டார். தங்கை மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை. அழவும் இல்லை. "என்னைய ஏம்மா விட்டுட்டுப் போன?" என்று மட்டும் கேட்டாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஊர் வந்து சேரும் வரை இறக்கவே இல்லை. வழியில் ஆமத்தூர் தாண்டும்போது பார்க்கிறேன், அம்மா அவள் தலையை முகர்ந்துகொண்டே வருகிறாள். யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க நான் ஜன்னல் பக்கம். நனைந்தது நான், தண்ணீர் குடித்தது நான், கொஞ்சல் மட்டும் அவளுக்கா என்று மறுபடியும் வயிறு எரிந்தது.

ஆனால் இந்தத் தடவை என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் கடைசியில் அதைத்தான் எடுப்பேன். "வெடி வெடிச்சப்ப அம்மா யார இழுத்துக்கிட்டு ஓடுனா?" அவ்வளவுதான், தங்கை வாயடைத்துப் போவாள். அவள் கல்யாணமாகித் திருப்பூர் போகிற வரைக்கும் அந்தச் சீட்டு செல்லுபடியானது. அம்மா காதில் விழுந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன தீபாவளிக்குத் தங்கை பிள்ளையோடு வந்திருந்தாள். பழைய ஞாபகத்தில் எல்லோரும் அந்தப் பூங்காவுக்குப் போனோம். குளத்தில் தண்ணீர் இருந்தது. படகுகள் புதுசு, இப்போது மிதவைச் சட்டை மாட்டாமல் ஏற விடுவதில்லை. அம்மா வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது, முட்டி வலி வேறு. கரையில் ஒரு பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் மகனும் தங்கை மகளும் முன் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். அதைப் பார்த்ததும் தங்கை திடீரென்று கேட்டாள், "அன்னைக்கு ஏம்மா அவள மட்டும் இழுத்துட்டுக் குதிச்ச?"

அன்று கரையில் கேட்டதற்குப் பிறகு, இத்தனை வருஷத்தில் அவள் அம்மாவிடம் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா வாயால் அதைக் கேட்கப்போகிறேன்!

"இவளயா?" என்றாள் அம்மா. "இவ கையத்தான் பிடிச்சிருந்தேன். ஆட்டம் போட்டு உன்னையத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டுருவாளோன்னு பயம்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியானால் அந்தப் பிடியும் அவளுக்காகத்தானா? இத்தனை வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சீட்டு அவளுடையதா? இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதெல்லாம் மறந்துபோய், பழைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பி வந்தது.

அம்மா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே மீதியையும் சொன்னாள். "சத்தம் கேட்டா கையில இருக்கதப் போட்டுட்டு ஓடுன்னுதான் சொல்லிக் குடுத்தாக. எத்தனையோ மட்டம் ஓடிருக்கேன். சரத்தப் போட்டிருக்கேன், தூக்குச்சட்டியப் போட்டிருக்கேன். அன்னைக்கு என்னமோ கை விரியல."

தங்கையின் சிரிப்பு நின்றது. அவள் பார்வை என் மணிக்கட்டுக்கு வந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அவள் ரிப்பனை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சும்மா இருப்பேனா? அந்தப் பக்கமாகப் போய் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதும் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் என் வலது மணிக்கட்டில் ஒரு இறுக்கம் தெரியும். மடி, ஜன்னல், முன் சீட்டு என்று எல்லாவற்றையும் பெரியவளாக இருந்து விட்டுக்கொடுத்துவிட்டேன், ஆனால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதையே பிழைப்பாகக் கற்ற என் அம்மா போடாமல் ஓடிய அந்த ஒரு பிடியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.