மலையில் சொல்லக் கூடாதது

மேடையில் உட்கார வைத்து, "இமயத்தைத் தொட்ட மலையக மங்கை" என்று யாராவது மைக்கில் முழங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பனிமலை ஏறப் போன முதல் பெண் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாலை போடுகிறவர்கள் கேட்பதெல்லாம் பயமாக இல்லையா என்பது மட்டும்தான். கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் முதலில் ஏறிய மலை, இலங்கையில் எல்லோரும் யாத்திரை போகும் சிவனொளிபாதம். சீசன் தொடங்கியதும் பொகவந்தலாவையிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனமே ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும். படியில் கால் வைத்த பிறகு சில பேச்சுகள் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கால் வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது, முடியவில்லை என்பதெல்லாம் வாயில் வரவே கூடாது. வந்தால் சாமிக்கு ஆகாது. கூட ஏறுகிற சிங்களச் சனங்களிடமும் இந்த வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா சாமியை விடக் கண்டிப்பு. சின்ன வயதில் ஒரு தடவை குதிகால் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்ததை மூச்சு விடாமல் உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் என்னைப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ருசி லேசில் விடுமா?

இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வலி தானாக மறைந்துவிடும், மலை நம்மைத் தாங்கிக்கொண்டது என்று அர்த்தம். இதையும் நான் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் நேபாளத்துக்குப் போனேன்.

அங்கே எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அதிகம் பேசாத மனிதர். ஆனாலும் உச்சிக்கு ஏறிய நாளில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை திரும்பி, எப்படி இருக்கிறது என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் அரைகுறை இங்கிலீஷில் நன்றாக இருக்கிறது என்றேன். இடது கால் விரல்கள் முதலில் உயிர்போகிற மாதிரி வலித்தன. பிறகு வலி நின்றுவிட்டது. மலை தாங்கிக்கொண்டது என்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்! உச்சியில் நின்று சிரித்தபடி படமும் எடுத்துக்கொண்டேன். கூடாரத்துக்குத் திரும்பிக் காலுறையைக் கழற்றியபோது இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. அப்புறம் கறுத்தன. அப்புறம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அழாத குறையாகச் சொன்னார். எங்கள் ஊர் வழக்கத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

அப்பாவிடமும் நான் சொல்லவில்லை. சிரித்த படத்தைப் பெரிதாக்கிச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். எங்கள் குளிரில் வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு நடப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

போன சீசனில் அப்பா மறுபடி சிவனொளிபாதம் போக வேண்டும் என்றார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இறுகிய உடம்பு, ஆனால் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூட்டம் குறைவாக இருக்கும் என்று பகலில் ஏறினோம். பாதி வழியில் அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. குளிர்காற்றில் எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் சட்டை நனைய வியர்த்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்பதும், நான் பார்த்தால் விட்டுவிட்டு ஏறுவதுமாக இருந்தார். மலையேற்றப் பயிற்சியில் இந்த அடையாளங்களைப் படித்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே ஏறவிட்டால் அப்பா உயிரோடு இறங்கமாட்டார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். உட்காரச் சொன்னேன். என்னைத் தாண்டிப் போனார். திட்டினாலும் கெஞ்சினாலும் அந்த மனிதர் நிற்கமாட்டார். எனக்குத் தெரியும், நான் அவர் பிள்ளை.

படியிலேயே உட்கார்ந்தேன்.

"அப்பா, எனக்கு முடியல. கால் வலிக்குது."

சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் வந்த சிங்கள அம்மா ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப் போனாள். அப்பா திரும்பிய வேகத்தில் அடித்துவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது. சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையையும் கழற்றினேன்.

அவர் இரண்டு படி இறங்கி வந்து பார்த்தார். குனிந்து, விரல் இல்லாத இடத்தைத் தொட்டார்.

"இது எப்ப?"

அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே போய்விட்டது என்றேன். வலியைச் சொல்லாமல் ஏறினேன் என்றும் சொன்னேன். அப்பா மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எனக்குந்தான். காலையிலருந்து இங்க அமுக்குது."

தேநீர்க் கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். நல்லதண்ணியில் ஓர் ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் என் நினைவில் நிற்பது அந்த ஆட்டோப் பயணம்தான். அவ்வளவு காலம் மூடியிருந்த வாய் ஒரு தடவை திறந்ததும் மூடவே இல்லை. உரமூட்டை தூக்கித் தோள் இறங்கியது, பல்வலியோடு விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றது என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பேசாமல் வாருங்கள் என்று நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரி இருக்கும் மஸ்கெலியா நெருங்கும்போது குரல் தாழ்ந்தது.

"ஒங்கம்மாவப் பொதைச்சிட்டு மறுநாளே வேலைக்குப் போனேன்ல," என்றார். "அன்னைக்கு முடியலம்மா."