வெளியேறு

பூபதிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காந்திபுரத்தில் அவன் அறையில் நாற்காலி இருந்தது. அவனோ நடந்துகொண்டேதான் யோசிப்பான். தொண்ணூற்றொன்பதில், கணினி படிக்காதவர்களும் இணையதளத்தில் தமிழில் செய்தி ஏற்றுவதற்கென்று ஒரு மென்பொருள் எழுதினான். அதை நிரலோடு சேர்த்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தான்.

முதலில் எடுத்துக்கொண்டது பெரியநாயக்கன்பாளையத்து பம்ப் கம்பெனி ஒன்று. உடனே புகாரும் வந்தது: பக்கம் பூட்டிக்கொள்கிறது, அடுத்தவர் திருத்த முடியவில்லை. ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர் கைவைக்கக் கூடாதென்று பூட்டு வைத்தவனே பூபதிதான். அவர் வெளியேறியதும் திறக்க வேண்டிய பூட்டு ஏன் திறக்கவில்லை? நிரலை வரிவரியாகக் குடைந்தான். இலவசமாகக் கிடைத்த நிரலை எடுத்துப் பார்த்த ஜெர்மனிக்காரர் ஒருவரும் மின்னஞ்சலில் சேர்ந்து தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. எரிச்சலோடு கம்பெனிக்கே பஸ் ஏறினான்.

கம்பெனியில் செய்தி ஏற்றும் சரோஜினி அக்கா வேலையை முடித்தார், கணினியை அப்படியே அணைத்தார்.

"ஏனுங்க்கா, 'வெளியேறு' பொத்தானை அமுக்கலீங்களா?"

"நாள் முச்சூடும் வேலை வாங்கிப்போட்டு வெளியேறுன்னா என்னங்க தம்பி அர்த்தம்? ஊட்டு நாயைக்கூட அப்படிச் சொல்ல மாட்டோமுங்க. நான் அதைத் தொடறதே இல்லீங்க."

பூபதி அசையாமல் நின்றான். அன்றே பொத்தானை மாற்றினான்: 'போயிட்டு வாரேனுங்க'. பூட்டுப் புகார் நின்றது.

ஜெர்மனிக்காரர் விடவில்லை. யாரிடமோ அர்த்தம் கேட்டுவிட்டு எழுதினார்: "வெளியே போகும் பொத்தானில் 'திரும்பி வருவேன்' என்று இருக்கிறதாமே, இது பிழையா?"

பூபதி பதில் போட்டான்: "பிழை முந்தைய பதிப்பில் இருந்தது."