வண்டியிலிருந்து விழுந்தவன்

என் இடது தொடையில் நான்கு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. ஆவடியில் எக்ஸ்ரே எடுத்த பெண் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா சார் இது, உள்ள ஆணி கீதா?" என்று கேட்டாள். எதிரி போட்ட குண்டின் சில்லு என்றேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ராணுவப் பதிவேடே அதை நம்பவில்லை. 'வண்டியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து சிறு காயம்' என்றுதான் அதில் இருக்கிறது. அப்படி எழுதச் சொன்னவனும் நான்தான்.

வடக்கே எல்லையில், மலைமேல் ஒரு காவல் நிலையில் இருந்தோம். ஒரு நாள் காலை, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டு வந்து விழுந்தது. என் பக்கத்தில் நின்றவன் அங்கேயே போய்விட்டான். என்னைக் கம்பளியில் சுற்றிக் கீழே மருத்துவ முகாமுக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் படைப்பிரிவுக் குமாஸ்தா தாளும் பேனாவுமாக வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். சண்டையில் காயம் என்று எழுதினால் அன்றைக்கே வீட்டுக்குத் தந்தி போகும். அது விதி. வீட்டில் என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. தந்திக்காரர் தெருவுக்குள் நுழைந்ததுமே பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆள் தேடுவது அதற்குப் பிறகுதான்.

"அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன், தந்தி மட்டும் வேணாம்," என்றேன்.

அவரும் தந்தி வந்த வீடுகளைப் பார்த்தவர். விதியை மீறி, வண்டியிலிருந்து விழுந்ததாக எழுதினார். நான் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களிலும் அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தந்தி எனக்கு வந்தது. ஆண் குழந்தை, பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

ஊன்றுகோலோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலில் என்ன என்று மனைவி கேட்டாள். லாரியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். பிள்ளைக்காகப் பொய் சொன்னேன் என்று பிள்ளை இல்லாத வீட்டில் எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு பெண் பிறந்தாள். ஓய்வு பெற்றேன், பட்டாபிராமில் வீடு கட்டினோம், மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அப்போதும் சொல்லவில்லை.

ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கும் என் மச்சினனுக்கு நான் லாரியிலிருந்து விழுந்த கதை என்றால் அல்வா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வேனிலிருந்து நான் காலை எடுத்து வைக்கும்போது, "மாமா, பாத்து எறங்கு. சண்டையில ஒண்ணும் ஆவாம வந்தவன் கல்யாணத்துல உய்ந்துடப் போற," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றி எரியும்.

இருந்தும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அம்பத்தூரில் நான் செக்யூரிட்டி வேலை பார்க்கும் கம்பெனியில்தான். குடியரசு தினத்துக்குக் கொடி ஏற்றும்போது முன்னாள் ராணுவத்தார் எல்லோரும் பதக்கம் குத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என்னோடு கேட்டில் நிற்பவர் நெஞ்சில் ஒன்று கூடுதலாக இருந்தது. எதிரியால் காயப்பட்டவர்களுக்குக் கொடுப்பது. "ஒனக்கும் கால்ல அடிதானே, ஏன் தர்ல?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குச் சில மாதம் முன்புதான் எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நான் செத்தால் என் கோப்பை மூடுகிறவன் என்ன படிப்பான்? பக்கத்தில் நின்றவனுக்குக் குண்டு, எனக்கு லாரியா? எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

மனு போட்டேன். திரும்பி வந்தது. எக்ஸ்ரேயை இணைத்துப் போட்டேன். இரும்பு எங்கிருந்தும் வந்திருக்கலாம், சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. குமாஸ்தாவைத் தேடினேன். வேலூர் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், குமணன்சாவடியில் மகன் வீட்டில் இருந்தார். சர்க்கரையில் ஒரு கால் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எழுதித் தரேன் தம்பி. ஆனா முழுசா எழுதுவேன். நீ கேட்டதையும் எழுதுவேன், நான் செஞ்சதையும் எழுதுவேன். இந்த வயசுல இன்னொரு பொய் எழுத என்னால முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. முதல் பொய்யை எழுதும்போது இந்த நியாயம் எங்கே போயிற்று என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்தப் பொய்யை அவர் எனக்காகத்தான் எழுதினார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, மனுக்களை வாங்கி அனுப்பும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கெட்டவர் இல்லை. முழுக்கப் படித்தார்.

"அப்போ சம்சாரம் கர்ப்பமா இருந்தாங்கன்னு போட்டுக்கீது. கொய்ந்தையோட பர்த் சர்ட்டிபிகேட் ஒண்ணு வெச்சிடுங்க சார்."

"இறந்துடுச்சு."

"அப்போ டெத் சர்ட்டிபிகேட்."

இரண்டும் கிடையாது. வீட்டிலேயே பிறந்து மூன்று நாள் இருந்த குழந்தையை யார் போய்ப் பதிவு செய்தார்கள்? ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள், அவ்வளவுதான். அவர் என் பணிப் பதிவைப் புரட்டினார். "இதுல மொத கொய்ந்தை பொண்ணுன்னு கீது. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லியே சார்," என்றார்.

கத்திவிட்டேன். அந்த அறையே திரும்பிப் பார்த்தது. அவர் தண்ணீர் கொடுத்து, வீட்டம்மாவிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வந்தால் போதும் என்றார். இனி அவளிடம் சொல்லாமல் முடியாது.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு, குமாஸ்தா, தந்தி. அவள் கை மட்டும் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தது.

"அப்ப லாரி இல்லியா?" என்றாள்.

"இல்லை."

"தந்தி வந்திருந்தா அழுதிருப்பேன். வேற இன்னா ஆயிருக்கும்? இத்தினி வருஷமா ஒங்க காலுக்குத் தைலம் தேய்ச்சிருக்கேன். என் தம்பி ஒங்களக் கிண்டல் பண்றப்ப நானும் சேந்து சிரிச்சிருக்கேன். ஒரு நாள் சொல்லணும்னு தோணலியா?"

இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். மூன்றாம் நாள் காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, "எங்க போயி எழுதணும்?" என்றாள்.

நோட்டரி வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவருக்கு அவளே சொன்னாள். என்னைப் பேசவிடவில்லை. "ஆண் குழந்தை. மூணு நாள் இருந்தான். நல்லா பால் குடிச்சான்."

"பால் குடிச்சதெல்லாம் வேணாம்மா," என்றார் அவர்.

"இல்ல, அடிங்க."

அடித்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த ஒரு தாளை வெகுநேரம் படித்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரரே தவறான தகவல் தந்ததாக ஒப்புக்கொண்டிருப்பதாலும், நேரில் கண்ட சாட்சி இல்லாததாலும், பதிவைத் திருத்த வழியில்லை. நான் சத்தமாகப் படித்தேன், ஒவ்வொரு வரிக்கும் திட்டினேன். குமாஸ்தாவை, அலுவலகத்தை, ஒன்பதாம் மாதத்துக்குப் பயந்த என்னை. நான் திட்டி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் எழுதிக் குடுத்தத திருப்பி அனுப்பிட்டாங்களா?"

உறைக்குள் பார்த்தேன். இல்லை. இணைப்புகள் என் கோப்பிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன என்று கடைசி வரியில் இருந்தது. சொன்னேன்.

"அங்கயே இருக்கட்டும்," என்றாள். "அவன் பொறந்தான்னு அது ஒண்ணுலதான எழுதியிருக்கு."