பதாகையில் என் பெயர்

திருப்பாலைக்குடியில் நான் தலைமையேற்று நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு, வரைகலை பயிலும் கல்லூரி மாணவி ஒருத்தி பதாகை வடிவமைத்துக் கொண்டுவந்தாள். அதில் தேதி பெரிதாகவும், என் பெயர் அடியில் சிறிதாகவும் இருந்தன.

“சனங்க முதல்ல எதப் பாக்கணுமோ, அதத்தான் பெருசாப் போடணும்னு படிச்சோம்யா,” என்றாள்.

“எனக்கே பாடமா?” என்று அதட்டி, என் பெயரையும் பட்டங்களையும் பெரிதாக்கி, தேதியைச் சுருக்க வைத்தேன்.

முகாம் முடிந்த இரண்டாம் நாள், கண்ணில் புரை விழுந்த மீனவர் ஒருவர் தட்டுத்தடுமாறி வந்து என்னிடமே விசாரித்தார்.

“முடிந்துவிட்டதே! பதாகையைப் பார்க்கவில்லையா?”

“பாத்தேன்யா. தேதி பதினாறா பதினெட்டான்னு வெளங்கல. உங்க பேரு மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு. அத நம்பித்தான் வந்தேன்.”

அவரை இராமநாதபுரம் மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை. இந்தக் குறிப்பின் அடியில் என் பெயரை எழுதவும் மனம் கூசுகிறது.