அரசாங்கத்துக்கு ஒரு சாவி

அந்த வட்டாரத்தில் முக்கால்வாசிக் கதவுகளுக்குச் சாவி வெட்டிக் கொடுத்தவள் சாவியக்கா. பூட்டுத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் அரம் பிடித்தவள். அங்கே ஆளைக் குறைத்தபோது, மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே கிடந்த இடுக்கை வாடகைக்குப் பிடித்தாள். இடுக்கு என்றால் இடுக்குதான், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். ஒரு மேஜை, மேஜையில் சாவியைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ், ஏழெட்டு அரங்கள், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு முக்காலி. வாய் மட்டும் இடுக்குக்குள் அடங்காது. சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவனை, "தலை கழுத்தோட ஒட்டியிருக்கிறதால தப்பிச்சுது, இல்லேன்னா அதையும் எங்கயாவது வச்சுட்டு வந்திருப்பே" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவாள்.

ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பூட்டு திறந்ததும் கதவைத் தள்ளமாட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டடி விலகி, தெருவைப் பார்த்து நிற்பாள். வீட்டுக்காரர்தான் முதலில் உள்ளே போக வேண்டும். இருபது வருஷத்தில் எந்த வீட்டுக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்ததில்லை.

அரசாங்கத்துக்கு அந்த வழக்கம் இல்லை.

ஒரு வருஷம் திருட்டு அதிகமாக இருந்தது, அதிலே ஆரம்பித்தது. சாவி வெட்டுகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். முதல் உத்தரவுக்குக் கைதட்டியவர்களில் சாவியக்காவும் ஒருத்தி. அதை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும். லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம்கூடப் போட்டு மாட்டினாள். அப்புறம் சாவி வெட்ட வருகிறவர்களின் பெயரையும் முகவரியையும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதற்கப்புறம் வெட்டாத சாவிகளைக் கடையில் வாங்கக்கூடாது, பூட்டுக் கண்காணிப்பு அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வரிசையில் நின்றாள். கடைசியாக வந்தது அந்த உத்தரவு: புதுப் பூட்டு மாட்டினாலும் சரி, பழைய பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டினாலும் சரி, அரசாங்கத்துக்கு ஒரு சாவி கூடுதலாக வெட்டி, முகவரிச் சீட்டுக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அவசர காலத்தில் மக்களைக் காப்பாற்றத்தானாம்.

ஊர் அதற்குத் தன் பாணியில் பதில் சொன்னது. சாவி வெட்டுவதையே நிறுத்திவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு, ஒருவர் வரும்வரை இன்னொருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடையில் சாவி முதலாளியிடம் மட்டும் இருந்ததால், அவருக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாளும் ஊருக்கே மருந்து இல்லாமல் போனது. தையற்காரர் கடைச் சொந்தக்காரரிடம் வாங்கிய இரவல் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி நாலு மணிக்கே கடையைக் கட்டினார். பூட்டுத் தொழிற்சாலையை மொத்தமாக மூடிவிட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. வேலைக்குப் போய்த் திரும்பினால் சில வீடுகளில் அலமாரி கலைந்திருக்கும், காகிதங்கள் இடம் மாறியிருக்கும். பூட்டில் ஒரு கீறல் இருக்காது. யாரும் புகார் கொடுக்கவில்லை. யாரிடம் போய்க் கொடுப்பது? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்த வீடுகளின் சாவியை வெட்டிக் கொடுத்தவள் தான்தான் என்பது சாவியக்காவுக்குத் தெரியும். அந்த நாட்களில் அவள் யாரையும் திட்டுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்தாள். மூன்றாவது தெருவில், பின்வாசல் இல்லாத வரிசை வீட்டில் இருப்பவள். பழைய பூட்டு வேலை செய்யவில்லை, கதவில் பதிக்கிற பூட்டாகப் புதிதாக ஒன்று மாட்ட வேண்டும் என்றாள்.

"அவங்களுக்கும் ஒண்ணு குடுக்கணுமா அக்கா?"

"குடுக்கணும்மா. வெட்டாத சாவி ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்கு."

டீச்சர் முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது அவள் முகம் சரியில்லை. ஏன் என்பதை அன்று மாலை சாவியக்காவின் புருஷன் சொன்னார். அவர் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போது வாயும் சேர்ந்து கிழியும் மனுஷன், அன்றைக்குச் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டீச்சர் வீட்டுக்காரர் இந்த உத்தரவை எதிர்த்துக் கையெழுத்து வாங்கறாரு. முந்நூறு பேருக்கு மேல போட்டாச்சு. பட்டியல் அவங்க வீட்லதான் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் போட்டிருக்கேன்."

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா?"

"நீ வெட்டிக் குடுக்கற சாவிதானே ஊரைத் திறக்குது? வீட்ல ஒருத்தராவது எதிர்த்துக் கையெழுத்துப் போட வேணாமா?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு பட்டியல் சிக்கியபோது, பெயர் இருந்த அத்தனை பேருக்கும் வேலை போனதும் பதினாறு பேர் இன்னும் வீடு திரும்பாததும் அவளுக்குத் தெரியும். விடிவதற்குள் முடிவெடுத்துவிட்டாள். அரசாங்கத்துக்குக் கொடுக்கிற சாவியில் ஒரு வெட்டை மட்டும் அரை நூல் ஆழம் குறைத்துவிடுவது. பார்க்கிறவன் கண்ணுக்குச் சாவி சாவியாகத்தான் இருக்கும். பூட்டுக்குள் போகும், திரும்பாது. டீச்சர் வீட்டுக்காரருக்குப் பட்டியலை அப்புறப்படுத்த நேரம் கிடைக்கும்.

புதன்கிழமை டீச்சர் வீட்டில் பூட்டை மாட்டி, அவளுக்கு நல்ல சாவிகளை வெட்டிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அந்தத் தப்புச் சாவியை வெட்டினாள். வேண்டுமென்றே ஒரு வேலையைக் கெடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மூன்றாவது வெட்டில் அரத்தை நிறுத்தியபோது, நடுவில் நின்றுபோன தும்மல் மாதிரி கை தவித்தது.

சாவிகளை வாங்கிப் போகும் ஆபீசர் நாலு மணிக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போகிறவர், அன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் ரோட்டுல சாவி வெட்டற உங்க ஆள் ஒருத்தரு தெரியுமில்ல? பெரிய மீசை."

"தெரியும் சார்."

"நேத்துத் தூக்கிட்டோம். தப்புச் சாவி குடுத்திருக்கான். போய்த் திறந்தா திரும்ப மாட்டேங்குது. ரெண்டு வருஷம் உள்ள இருக்கட்டும்."

சாவியக்கா அரத்தை மேஜையில் வைத்தாள். முகம் மாறக் கூடாது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தாள். கையில் டீச்சர் வீட்டுச் சாவி இருந்தது. பிசிறு துடைப்பது போலக் கையை அசைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேணும்னே குடுத்திருப்பாரா சார்?"

"அதை அவன் வாயாலயே சொல்ல வச்சுட்டோம்." ஆபீசர் சிரித்தார். மீசைக்காரரை எப்படிச் சொல்ல வைத்தார்கள் என்று விவரிக்க ஆரம்பித்தார். அவள் கேட்டாள். காதெல்லாம் அங்கேதான் இருந்தது. கண்ணும் அவர் வாயைத்தான் பார்த்தது. கட்டைவிரல் மட்டும் சாவியின் பற்களைத் தடவியது. மூன்றாவது இடத்தில் மேடு தட்டியது. அவள் மனசு பயந்துகொண்டிருந்தது, கை தன் பாட்டுக்கு அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தது. முப்பது வருஷமாக மேடு தட்டினால் கை செய்கிற வேலை அது. தூளை வாயால் ஊதினாள். ஊதிய பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

சாவி கச்சிதமாக இருந்தது.

"குடுங்க" என்று ஆபீசர் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உங்க வேலைன்னா வேலைதாம்மா." மற்றச் சாவிகளைப் பையில் போட்டார். அதை மட்டும் சட்டைப்பையில் வைத்தார். "இது இன்னைக்கே தேவைப்படுது. மத்ததை ஆபீஸ்ல ஒப்படைச்சுட்டு அப்படியே போகணும்."

அவர் போனதும் மேஜையிலிருந்த குறட்டை எடுத்து இடுப்பில் செருகி, ஷட்டரை இழுத்துவிட்டு மருந்துக்கடைச் சந்து வழியாக ஓடினாள். ஓடும்போதே கையைத் திட்டினாள். பாவி, பாவி, உனக்கு யார் சொன்னது? டீச்சர் வீடு பூட்டியிருந்தது. இரண்டு முறை தட்டினாள். பதில் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். போன் பேசலாமென்றால், சாவிக்கே இந்தப் பாடு படுத்துகிறவர்கள் போனை விட்டு வைத்திருப்பார்களா? பூட்டைத் திறக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும். திறந்து? பட்டியல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. தேடிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்துவிடும்.

இடுப்பிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்தாள். அதே கம்பெனிப் பூட்டுத்தான், பாதி வரை நுழையும். நுழைத்தாள். குறட்டால் பிடித்து ஒரு பக்கமாக மடக்கினாள். டக்கென்று ஒடிந்து, முனை பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி எந்தச் சாவியும் நுழையாது. கடைக்குத் திரும்பி ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது.

எதிர்பார்த்தபடியே கால் மணி நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, "பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

டீச்சர் வீட்டு வாசலில் ஆபீசர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "உள்ள எதையோ ஒடிச்சு வச்சிருக்கானுங்க. எடுங்க."

அவர் கதவை உடைக்காமல் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. சாவி போட்டுத் திறந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கதவை உடைப்பதென்றால் மேலிடத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வர வேண்டும். அந்த ஒரு விதியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். ஆபீசர் ஒரு பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சாவியக்கா மண்டியிட்டு உட்கார்ந்தாள். நேரத்தைக் கடத்த வேண்டும், அவ்வளவுதான் யோசனை. தேவையே இல்லாமல் சுத்தியலால் பூட்டைத் தட்டினாள். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. சுத்தியலை நிறுத்திக் காது கொடுத்தாள். உள்ளே ஆள் இருக்கிறது. டீச்சர் வீட்டுக்காரர் ராத்திரி வேலை முடித்துவிட்டு இத்தனை நேரமும் தூங்கியிருக்கிறார்.

அவருக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "சார், பூட்டுக் கண்காணிப்பு ஆபீசர் சார்! இதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் சார்!"

"நான் செவிடு இல்லம்மா."

செருப்புச் சத்தம் நின்றது. வேகமாக உள்பக்கம் ஓடியது. அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். ஐந்து நிமிஷம் இருக்கும், கதவிடுக்கில் வாசனை வந்தது. காகிதம் எரிகிற வாசனை. ஆபீசர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன வாடை?"

சாவியக்கா அதற்குள் பெட்டியிலிருந்த மெழுகுவர்த்தியைப் பற்றவைத்திருந்தாள். எண்ணெய்த் துணியின் ஓரத்தைச் சுடரில் காட்டினாள். கரும்புகை எழும்பியது.

"கரி ஏத்தறேன் சார். கரி பட்ட இடத்துலதான் உள்ள எங்க இடிக்குதுன்னு தெரியும்."

சாவி ஒடிந்த பூட்டுக்கும் கரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊர்ப் பூட்டையெல்லாம் ஆளுகிற மனுஷருக்கு அது தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவளுக்குக் கண் எரிந்தது, முதுகு முழுக்க வியர்த்தது, ஆனாலும் கை பூட்டைத் துழாவிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் அந்தக் கை ஒரு வேலையும் செய்யாமல் வேலை செய்தது.

மேலிடத்து உத்தரவு எழுத்தாக ஆபீசரின் போனுக்கே வந்து சேர்ந்தது. "முடியுமா முடியாதா?" என்றார் ஆபீசர்.

"முடியாது சார். எனக்குத் தெரியல."

அவர் அவளையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கடப்பாரை வந்தது. நான்காவது அடியில் கதவு பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்று தெருவும் வந்து நின்றது. இத்தனை நாளும் பூனை போல நுழைந்தவர்கள், அன்று எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் ஒரு வீட்டை உடைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே அடுப்படியில் டீச்சர் வீட்டுக்காரர் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார். "டீ போடப் போனேன்" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கையில் ஒரு பெயரும் சிக்காததால் மறுநாள் மத்தியானம் விட்டுவிட்டார்கள்.

சாவியக்காவின் கணக்கைக் கதவு உடைந்த அன்று மாலையே முடித்தார்கள். அவள் தப்புச் செய்ததற்குச் சாட்சி இல்லை. ஒரு பூட்டைத் திறக்கத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்டார்கள், அது போதுமானதாக இருந்தது. ஆபீசர் கண்ணாடிச் சட்டத்திலிருந்து லைசென்ஸை உருவி நாலாகக் கிழித்தார். பெட்டி, அரம், வைஸ் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டார்கள். முக்காலியைக்கூட விடவில்லை. அவள் அழக்கூடாது என்று நினைத்தாள், அந்த வைஸைக் கழற்றும்போது அழுதுவிட்டாள். ஷட்டரை இறக்கி ஒரு புதுப் பூட்டுப் போட்டார்கள்.

கையெழுத்து வாங்க ஃபாரத்தை எடுத்த ஆபீசர், ஒரு இடத்தில் நின்றார். திருப்பிப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி வெட்டி ஆபீஸ்ல வைக்கணும். புதுப் பூட்டு இல்லையா? உத்தரவு அப்படி. இங்க பக்கத்துல வேற யாரு..."

மீசைக்காரர் உள்ளே இருந்தார். தொழிற்சாலை மூடிக் கிடந்தது. சாவியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லைசென்ஸ் இல்லாம சாவி வெட்டினா ரெண்டு வருஷம் சார்" என்று சொல்லிவிட்டு, புருஷனின் பஸ் வருகிற நேரமாகிவிட்டதால் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.